எண் போடாத துப்பாக்கி

சனிக்கிழமை தவறாமல் வெர்லன் டாக்கெட்டும் அவர் மனைவி ஒலீட்டாவும் பழைய சாமான் சந்தைக்குப் போனார்கள். ஒலீட்டா தேடியது ஒன்றே ஒன்று: மகன் ரோஸ்கோவின் பாயிண்ட் டூ டூ ரக வேட்டைத் துப்பாக்கி.

நிலக்கரிச் சுரங்கத்தின் கூரை விழுந்து ரோஸ்கோ செத்த வாரத்தில் ஒலீட்டா கல்லாகிப் போயிருந்தாள். பழைய சாமான் வாங்குகிறவன் எவனோ வாசலில் வந்து நிற்க, மகனுடைய தூண்டில், பூட்ஸ், துப்பாக்கி என்று எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிட்டாள். பிறகு யோசித்தபோது அவன் முகம்கூட ஞாபகம் வரவில்லை. அந்தக் காலத்து மலிவுத் துப்பாக்கிக்குத் தொழிற்சாலையில் எண் போடுகிற வழக்கமும் இல்லை. கென்டக்கி மலையில் அணில் சுட வீட்டுக்கு வீடு அதே துப்பாக்கிதான். எதை வைத்துக் கண்டுபிடிப்பது? அதே ஜாடையில் எது கண்ணில் பட்டாலும் வாங்கினாள். படுக்கையறைச் சுவரில் டஜன் நெருங்கிவிட்டது. வெர்லன் ஏன் என்று கேட்டதில்லை. அவருக்குள்ளும் எதுவும் அசையவில்லை. அவள் சொன்ன இடத்துக்கு வண்டி ஓட்டினார், அவ்வளவுதான்.

"வாய்யா வெர்லன்!" கடை விரித்திருந்த ஹோபர்ட் கூப்பிட்டான். "உன் பொண்டாட்டி படை திரட்டுறாளா? எந்த நாட்டு மேல சண்டைக்குப் போறீங்க?"

"உன் மேலதான். வாய மூடிட்டு அந்தத் துப்பாக்கிய எடு."

வெர்லன் தோட்டா ஏற்றும் போல்ட்டை இழுத்துப் பார்த்தார். எண்ணெய் போட்ட கதவு மாதிரி சத்தமில்லாமல் வந்தது. குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். உள்ளே துரு இல்லை, தோட்டாவைச் சுழற்றி விடுகிற சுழல்வரிகள் பளிச்சென்று இருந்தன. வால்நட் மரத்தில் செய்த பிடிக்கட்டை கை பட்டுப் பட்டு மழமழவென்றிருந்தது. பிரியமாக வைத்திருந்திருக்கிறான் எவனோ என்று நினைத்தபடி புரட்டினார்.

அடியில், குழலையும் கட்டையையும் சேர்க்கிற திருகு பித்தளையில் இருந்தது. தலையில் வெட்டு கோணல். ரோஸ்கோ சின்ன வயதில் திருகைத் தொலைத்துவிட்டு அழுதபோது அவரே பட்டறையில் கடைந்து போட்டது. இத்தனை நாள் அவருக்கு அது ஞாபகமே வரவில்லை.

மகனின் துப்பாக்கி கிடைத்துவிட்டது, அவர் நெஞ்சில் ஒன்றுமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. இவளாவது அழட்டும் என்று பேசாமல் அவளிடம் நீட்டினார்.

ஒலீட்டா வாங்கித் தோளில் வைத்துப் பார்த்தாள். இறக்கும்போது அவள் கட்டைவிரல் தானாக அடிப்பக்கம் போயிற்று. கோணல் வெட்டைத் தடவி, அங்கேயே நின்றது.

"இது இல்ல," என்றாள்.

"ஒலீட்டா, அந்தத் திருகப் பாரு..."

"இல்லன்னு சொல்றேன்ல." கண் கலங்கவில்லை, குரல் உயரவில்லை. விரல் மட்டும் திருகை விட்டு வரவில்லை. "இதுதான்னு ஆயிட்டா, அடுத்த சனிக்கிழமை நான் எங்க போவேன், வெர்லன்?"

வெர்லன் பணத்தை எடுத்து ஹோபர்ட்டிடம் கொடுத்தார்.

"அது இல்லன்னா எதுக்குய்யா வாங்குற?"

"சும்மா இருக்கட்டும்."

வாங்குகிற துப்பாக்கியை எப்போதும் வண்டியின் பின்னால் போடுகிற ஒலீட்டா, இதை மடியில் வைத்துக்கொண்டாள். பாதி வழி வரை அவள் கட்டைவிரல் அந்தத் திருகிலேயே இருந்தது.

"அடுத்த வாரம் ஆத்துக்கு அந்தப் பக்கம் போவோம்," என்றார் வெர்லன். "அங்க பெரிய சந்தை. தேடி முடிக்க ரொம்ப நாளாகும்."