சண்டை போட்டபடி ஒரு நடை

தொண்ணூற்றொன்று வரை வந்தவளுக்குக் கால் நின்றுவிட்டது. நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே நடக்க வேண்டும். பிசியோதெரபி பெண் தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் நாடாவில் ஐந்து அடிதான் ஆகியிருந்தது. அடுத்த எண்ணைத் தேடினால் கால் நின்றது; காலை எடுத்து வைத்தால் எண் தொலைந்தது. முப்பது வருடம் ஓடும் பஸ்ஸில் நின்றபடி டிக்கெட் கிழித்து, ஏறியவர் இறங்கியவரையெல்லாம் மனசுக்குள் எண்ணிய கண்டக்டர் அவள். அவமானத்தில் காது சுட்டது.

அதே பஸ்ஸை ஓட்டிய கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து அந்தப் பெண்ணிடம் வந்தார். "போதும்மா. நடக்கும்போது அவ நடக்கட்டும். கணக்கை உக்காந்து போட்டுக்கலாம்."

போன வருடம் பார்க்கின்சன் நோயின் ஆரம்பம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவர் இப்படித்தான். அதுவரை மாலை நடை என்றாலே வாய்ச்சண்டைதான். இப்போது, கவனம் சிதறி அவள் விழுந்துவிடுவாளோ என்று, வாயே திறக்காமல் கூட வருகிறார். துக்க வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கிறது அவளுக்கு.

"வீட்டுக்குள்ள சரி சார்," என்றாள் பிசியோதெரபி பெண். "ரோட்டுல யாராவது கூப்பிட்டுப் பேசினா? அதுக்குத்தான் ரெண்டையும் சேர்த்துப் பழக்கறோம். எண்ணுதான் வேணும்னு இல்ல, எதைச் சொன்னாலும் சரி. நான் பக்கத்துலயே வர்றேன்."

மனைவி நாடாவின் தொடக்கத்துக்கே போய் நின்றாள். "நம்ம ரூட்டைக் கடைசியிலேர்ந்து சொல்றேன். மில் கேட்... லைப்ரரி... கோர்ட்டு..."

"கோர்ட்டுக்கு முன்னாடி தண்ணித்தொட்டி," என்ற கணவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அங்க நமக்கு ஸ்டாப்பே கிடையாது. நீங்களா நிறுத்துவீங்க, சிகரெட் வாங்க."

"ஒரு நிமிஷம் நிறுத்தியிருப்பேன்."

"ஒரு நிமிஷமா? விசிலடிச்சு விசிலடிச்சு எனக்கு வாயே வறண்டுபோகும்!"

நாடா முடிந்து, திரும்பி, பாதி தூரம் வந்திருந்தாள். ஓரிடத்தில் தடுமாறியபோது அவர் கை நீண்டது. தட்டிவிட்டாள்.

"கையை எடுங்க. வாயைத் திறங்க."

பிசியோதெரபி பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டில் ஏதோ எழுதினாள்.

வெளியே வந்தபோது தூறல் போட ஆரம்பித்திருந்தது. அவர் குடையை விரித்துக்கொண்டு வருவதற்குள் அவள் நாலடி முன்னால் போய்விட்டிருந்தாள். இடது கை ஆடாமல் தொங்க, வலது கையால் காற்றை வெட்டி வெட்டிச் சத்தமாகப் பேசிக்கொண்டே போனாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.