நாலு நிமிடம் பிந்தி வந்த ட்ரம்பெட்

1997 மே மாதம் பதினொன்றாம் தேதியிலிருந்து ராயபுரம் இன்னாசி ஊதுகிற ட்ரம்பெட்டின் சத்தம் நாலு நிமிடம் கழித்துத்தான் வெளியே வந்தது. மூன்றே முக்காலும் இல்லை, நாலேகாலும் இல்லை. கைக்கடிகாரத்தை வைத்துச் சரிபார்த்தவர்கள் இந்தப் பக்கத்தில் ஐம்பது பேராவது இருப்பார்கள், அதில் நானும் ஒருவன். கன்னம் உப்பும், நெற்றி நரம்பு புடைக்கும், விரல்கள் மூன்று பொத்தான்களின் மேலும் ஓடும், காதில் மட்டும் ஒன்றும் விழாது. மனிதர் கருவியை மடியில் கிடத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அது பாட்டுக்குப் பாட ஆரம்பிக்கும். மெக்கானிக் பிரித்துப் பார்த்து எண்ணெய் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதே கருவியை வேறொருவர் ஊதினால் சத்தம் உடனே வந்தது; இன்னாசி வேறு கருவியை ஊதினால் அதுவும் நாலு நிமிடம் எடுத்தது. கோளாறு பித்தளையில் இல்லை, ஆளிடம்தான் என்று ஆகிவிட்டது. ஃபாதர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அப்புறமும் நாலு நிமிடம்தான்.

காரணம் இங்கே எல்லோருக்கும் தெரியும். சாவுக்கு ஊதுகிற பேண்டு செட்டுகளுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. எதிரே இன்னொரு சாவு ஊர்வலம் வந்தால் வாத்தியத்தை உதட்டிலிருந்து இறக்கிவிட வேண்டும். அது கடந்து போன பிறகுதான் மறுபடி வாசிக்கலாம். இந்துவோ கிறிஸ்தவரோ, புளியந்தோப்பு செட்டோ ராயபுரம் செட்டோ, யாரும் இதை மீறியதில்லை. மே பத்தாம் தேதி பழைய வண்ணாரப்பேட்டையில் எதிரே ஒரு பாடை வந்தது. பேண்டு மாஸ்டர் கிருஷ்ணப்பன் கையைத் தூக்கினார், செட்டு முழுக்க நின்றது. இன்னாசி மட்டும் நிற்கவில்லை. மூன்று மாதமாக எட்டிப் பார்த்தும் பிடிபடாத ஒரு உச்சஸ்வரம் அந்த நேரம் பார்த்துப் பிடிபட்டுவிட்டது. மனிதர் கண்ணை மூடிக்கொண்டு ஊதிக்கொண்டே இருந்தார். அந்த ஊர்வலம் கடந்து முடிக்க நாலு நிமிடம் ஆனது. கிருஷ்ணப்பன் அவர் தோளைப் பிடித்து உலுக்கி, "இன்னா காரியம் பண்ணிட்ட இன்னாசி" என்றார், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து கணக்குத் தொடங்கிவிட்டது.

நாலு நிமிடம் முன்னாடியே ஊதத் தொடங்கிவிட்டால் போச்சு என்று பாலத்துக்கு அந்தப் பக்கம், தெற்கே இருக்கிற ஆட்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் இங்கே சாவுக்கு வந்ததில்லை. பத்து மணிக்கு எடுப்பு என்று போஸ்டர் ஒட்டுவார்கள். மகன் ஹவுரா மெயிலில் வந்துகொண்டிருப்பான், மெயில் கூடூரில் நிற்கும், பாடை பன்னிரண்டரைக்குக் கிளம்பும். எப்போது தூக்குவார்கள் என்று தூக்குகிறவர்களுக்கே தெரியாது. திடீரென்று தூக்குவார்கள், செட்டு முழங்கும், இன்னாசியும் ஊதுவார், தெரு முனை திரும்பிய பிறகு அவருடைய சத்தம் தனியாகத் தொடங்கும். புதுமனைத் தெருவில் ஒரு கல்யாண வீட்டைக் கடக்கும்போது முந்தைய தெருவின் ஒப்பாரி வந்து, பெண் வீட்டார் செருப்பைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். அன்றோடு கிருஷ்ணப்பன் அவரைச் செட்டிலிருந்து நிறுத்தினார். ட்ரம்பெட் செட்டுக்குச் சொந்தமானது, ஆனால் பழைய சிநேகத்துக்காக அதை மட்டும் வாங்கவில்லை. இன்னாசி சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றப் போனார். சாயங்காலம் வீட்டு மாடியில் தனியாக ஊதுவார். இறால் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வரும் அவர் மனைவி ஜானட் படியில் உட்கார்ந்து நாலு நிமிடம் காத்திருந்து கேட்பாள். யாரோடும் சேர்ந்து வாசிக்க முடியாத மனிதனுக்கு அதற்கு மேல் கேட்க ஆள் ஏது?

ஐந்தரை வருடம் இப்படியே ஓடியது. 2003 ஜனவரியில் கிருஷ்ணப்பன் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "தப்பா நெனிக்காத இன்னாசி. நானும் எத்தினி நாளு பொறுத்துக்கினு இருப்பேன்? வியாசர்பாடில ஒரு ஆளு கெட்ச்சிகீறான். நாயித்துக்கெயம வந்து ட்ரம்பெட்ட வாங்கினு போறேன்" என்றார். இன்னாசி, "நாலு பேரோட சேந்து ஒரே ஒருவாட்டி ஊதிட்டேன்னா மாஸ்டரு?" என்று கேட்டார். "ஊதிக் காமி. அப்பால அது உன்னுது, நான் வாயே தொறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கிருஷ்ணப்பன் போய்விட்டார். அன்று செவ்வாய்க்கிழமை.

அதே வாரம்தான் சர்வதேச ஜாஸ் விழா சென்னைக்கு வந்திருந்தது. அது ராயபுரத்துக்கு வர வேண்டிய விழாவே இல்லை. தெற்கே பேசி வைத்திருந்த அரங்கத்தின் கூரை மழையில் ஊறிப்போயிருக்க, வேறு இடம் கிடைக்காமல் எங்கள் பழைய ரயில்வே டான்ஸ் ஹாலைத் தேடி வந்தார்கள். ஏழு நாட்டு ஆட்கள் வந்தார்கள். கடைசிக் கச்சேரி வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு, ஐந்து பேர்: போலந்திலிருந்து ட்ரம்ஸ் அடிக்கும் ஹாலினா, செனகலிலிருந்து ஒரு சாக்ஸபோன்காரர், பிரேசிலிலிருந்து ஒரு கிடார்காரர், ஜப்பானிலிருந்து பியானோ வாசிக்கும் ஒரு பெரியவர், சிகாகோவிலிருந்து ஒரு ட்ரம்பெட்காரர். செனகல்காரருக்கு நிழல் கிடையாது. வாசலில் பூ விற்கும் பூவம்மா அதைப் பார்த்துவிட்டு, "பாவம், ஊர்லயே வுட்டுட்டு வந்துகீறாரு" என்று சொல்லிவிட்டு முழம் போட்டாள். பிரேசில்காரர் எங்கே நின்றாலும் அவர் மேல் மட்டும் மெல்லிசாகத் தூறிக்கொண்டிருந்தது. இறால் கம்பெனி பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைக் கொடுத்து கிடாரை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். ஜப்பான் பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்தால் அதற்கு நாலு விரற்கடை மேலேயே நின்றார். ஹால் வாட்ச்மேன் நைலான் கயிறு கொண்டுவந்து இடுப்போடு கட்டிவிட்டார். ஹாலினாவிடம் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அவள் எல்லோருக்கும் நேரம் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விழாக்காரர்களுக்கு ஓடியாடி வேலை பார்த்தவன் ஜானட்டின் தம்பி டெரிக், ரயில்வே கார்டு. விருந்தோம்பல் என்று நினைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா செய்த நண்டுத் தொக்கை டிபன் கேரியரில் எடுத்துப்போய் சிகாகோக்காரருக்குக் கொடுத்தான். அந்த உடம்புக்கு நண்டு ஆகாது. மூன்று மணிக்கு மனிதரின் உதடு இரண்டும் பணியாரம் மாதிரி வீங்கிவிட்டன. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பயமில்லை என்றார்கள். ஆனால் ஒரு வாரத்துக்கு ஊத முடியாது. "நான் இன்னா வெசமா வெச்சேன்?" என்று ஜானட் அழ ஆரம்பிக்க, டெரிக் பழி தன் தலையில் விடிவதற்குள் நேரே சாத்தாங்காட்டுக்கு ஸ்கூட்டரை விட்டு, இரும்புத் தூள் படிந்த சட்டையோடு இன்னாசியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொன்னான்: நாலு நிமிடக் கதையை அவர்களிடம் மூச்சுவிடக் கூடாது.

ஜாஸ் என்றால் என்னவென்று இன்னாசி கேட்டார். "எழுதி வெச்சி வாசிக்க மாட்டாங்க மாமா. ஒர்த்தன் வாசிக்கிறத கேட்டுகினே அடுத்தவன் வாசிப்பான். அடுத்து இன்னா வரும்னு அவங்களுக்கே தெர்யாது" என்றான் டெரிக். உலகத்தில் எத்தனையோ சங்கீதம் இருக்கிறது. இந்த மனிதனால் முடியவே முடியாத ஒன்று தேடிப்பிடித்து வாசலுக்கு வந்திருக்கிறது. இருந்தாலும் மேடையில் ஒரு நல்ல சேதி கிடைத்தது. முதல் பாட்டில் ட்ரம்பெட் தனியாகத் தொடங்கும், மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்று ஹாலினா கையை ஆட்டி விளக்கினாள். முதல் பாட்டையாவது கரையேற்றிவிடலாம். ஆறு ஐம்பத்தாறுக்கு ஊதத் தொடங்கினால் ஏழுக்குச் சரியாக வரும். டெரிக் தன் கார்டு வாட்ச்சைக் கழற்றி அவர் கையில் கட்டினான். சேதி கேட்டு, கடைசி வரிசையில் கிருஷ்ணப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

ஆறு ஐம்பத்தாறுக்கு இன்னாசி மேடை ஓரத்துத் திரை மறைவில் நின்று ஊதத் தொடங்கினார். ஆறு ஐம்பத்தெட்டுக்கு, நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒருவர் மைக்கைப் பிடித்தார். ஐஸ் ஃபாக்டரி முதலாளி ஸ்டானிஸ்லாஸ். ஹாலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர், வந்த எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தாமல் இறங்க மாட்டார். கக்கத்தில் ஐந்து சால்வைகள். அப்போதே இன்னாசி ஊதுவதை நிறுத்திவிட்டார், ஆனால் உள்ளே போன இரண்டு நிமிடம் போனதுதான், அதைத் திரும்ப எடுக்க முடியாது. சட்டையைக் கழற்றிக் கருவியின் வாயில் திணித்துப் பார்த்தார். வாட்ச்சைப் பார்த்தார். கருவியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடிவிடலாமா என்று பார்த்தால் அங்கே டெரிக் நின்றுகொண்டு, "நீ போனா, அக்கா என்னிய வெட்டிப்போடும்" என்றான். மேடையில் ஸ்டானிஸ்லாஸ் தன் சிறுவயது வறுமையைத் தொடங்கியிருந்தார்.

ஏழு மணி ஆனது. பேச்சுக்கு நடுவே ட்ரம்பெட் சட்டையைத் துப்பிவிட்டு முழங்கியது. ஸ்டானிஸ்லாஸ் மைக்கை விட்டு நகர்ந்து வாயைத் திறந்தபடி நின்றார். ஹாலினா திரும்பி, பனியனோடு நிற்கும் மனிதனைப் பார்த்தாள், அவருடைய மூடிய உதட்டைப் பார்த்தாள், இடுப்போடு தொங்குகிற கையில் தானாகப் பாடிக்கொண்டிருக்கும் கருவியைப் பார்த்தாள். ஐந்தரை வருடமாக ஊரே அவரிடம் ஏன், எதனால், என்ன பாவம் செய்தாய் என்றுதான் கேட்டிருந்தது. அவள் தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டி, எத்தனை நிமிடம் என்று மட்டும் கேட்டாள். இன்னாசி நாலு விரலைக் காட்டினார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை. அவள் தலையசைத்துவிட்டு மற்ற மூவருக்கும் நாலு விரலைக் காட்டினாள். ஜப்பான் பெரியவர் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார். அவள் இன்னாசியைப் பார்த்து, ஊது, ஊதிக்கொண்டே இரு என்று கையைச் சுழற்றிவிட்டு ட்ரம்ஸில் போய் உட்கார்ந்தாள்.

ஏழு ஒன்றுக்கு இன்னாசி திரையை விட்டு மேடைக்கு வந்து மறுபடி உதட்டில் வைத்தார். ஏழு இரண்டுக்கு, அவர் முன்னால் ஊதியது தீர்ந்துபோனது. அதன் பிறகு மூன்று நிமிடம் வரப்போவது ஒன்றுமில்லை. இதை நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன், சொல்கிறேன், அந்த மூன்று நிமிடம் மாதிரி நீளமான ஒன்றை நான் அனுபவித்ததில்லை. வியர்த்து வழிய ஒரு மனிதன் உயிரைக் கொடுத்து ஊதுகிறான், சத்தம் இல்லை. பின்னால் சிரித்தார்கள், ஒருவன் விசிலடித்தான். கிருஷ்ணப்பன் எழுந்து நின்றுவிட்டார். மேடையில் நாலு பேரும் கவலைப்படவில்லை. ஹாலினா குச்சியால் ஓரத்தை மட்டும் தட்டிக்கொண்டிருக்க, கிடாரில் சொட்டுச் சொட்டாக ஸ்வரம் விழ, வரப்போகிறவருக்கு இடம் ஒதுக்கி வைப்பது போல வாசித்தார்கள். இன்னாசியோ அவர்கள் இப்போது வாசிப்பதைக் கேட்டு ஊதவில்லை. நாலு நிமிடம் கழித்து இவர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்று நினைத்து, அந்த இடத்துக்கு முன்கூட்டியே போய் ஊதிக்கொண்டிருந்தார்.

ஏழு ஐந்துக்கு அது வந்தது. வந்து சரியாகப் பொருந்தியது என்று சொல்கிறவர்கள் உண்டு. பொருந்தவில்லை, அவர்கள் அதற்குத் தக்கபடி வளைந்தார்கள் என்பது என் கட்சி; துக்கமாக வந்த இடத்தில் சாக்ஸபோன் துக்கப்பட்டது, சாவு ஊர்வல அடி வந்த இடத்தில் ஹாலினா புளியந்தோப்பில் பிறந்தவள் மாதிரி அடித்தாள். ஹாலில் ஒருவர்கூட உட்காரவில்லை. எட்டு இருபதுக்கு எல்லோரும் முடித்தார்கள். இன்னாசியின் நாலு நிமிடம் பாக்கி இருந்தது. நாலு நாட்டு ஆட்களும் வாத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டார்கள். ஸ்டானிஸ்லாஸ் அது முடிந்த பிறகு எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தினார், மழை பெய்துகொண்டிருந்தவருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணப்பன் வந்தார். ஜானட் துணியில் சுற்றி வைத்திருந்த ட்ரம்பெட்டை அவர் தொடவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "நாளிக்கி வியாசர்பாடில ஒண்ணு கீது. வந்துடு" என்றார். "எப்போ எடுக்கறாங்க மாஸ்டரு?" என்று இன்னாசி கேட்டார். "எப்போ எடுத்தா நமுக்கின்னா? நீ பாட்டுக்கு ஊது. உன் சத்தம் வரட்டும், அப்பால தூக்க சொல்றேன். அவ்ளோ நேரம் பொறுத்தவனுங்க நாலு நிமிசம் பொறுக்க மாட்டானுங்களா?" என்றார் கிருஷ்ணப்பன். இன்னாசி உட்கார்ந்த இடத்திலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஜானட் அவரைத் திட்டிக்கொண்டே அழுதாள்.

மறுநாள் அப்படியே நடந்தது. பாடை தயாராக இருந்தது, உறவினர்கள் நின்றார்கள், இன்னாசி ஊதினார், எல்லோரும் காத்திருந்தார்கள், சத்தம் வந்ததும் தூக்கினார்கள். ஒரு வருடத்தில் ராயபுரம், வியாசர்பாடி, புளியந்தோப்பு மூன்றிலும் இதுவே வழக்கமாகிவிட்டது. 2005 வாக்கில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கும் பிரஸ்காரர்கள் எடுப்பு நேரம் எழுதுவதை விட்டுவிட்டார்கள். இறந்தவர் பெயர், பிறப்பு, இறப்பு, புகைப்படம், அதற்குக் கீழே ‘நல்லடக்கம்: ட்ரம்பெட் வந்ததும்’ என்று போடுகிறார்கள்.