செவ்வாய் மூன்று மணி வகுப்பு

நீச்சல்குளத்தின் கண்ணாடிக் கதவில் பூட்டு தொங்கியது. அக்கா கைத்தடியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வீட்டு வாசலைத் தாண்டியதே அன்றுதான். தண்ணீருக்குள் நடந்து பழகாவிட்டால் கால் அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கான வகுப்பு இங்கே செவ்வாய்தோறும் மூன்று மணிக்கு என்று போட்டிருந்ததைப் பார்த்து, கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தேன்.

"அந்த டீச்சர் போயே ரொம்ப நாளாச்சும்மா. வேற ஆள் போடல. வகுப்பு இருக்குன்னு யார் சொன்னா?" என்றார் காவலாளி.

யார் சொன்னது? நாங்கள்தான். எங்கள் வட்டாரத்து ஓட்டக் குழு, யோகா வகுப்பு, பூங்கா நண்பர்கள், இந்தக் குளம் எல்லாம் சேர்ந்து, எங்கே எப்போது என்ன பயிற்சி என்று ஒரே இணையதளத்தில் போடுகிறோம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம், தவறிருந்தால் திருத்தலாம். சாய்தளம் இருக்கிறதா, சக்கர நாற்காலி போகுமா என்று தெருத்தெருவாக அலைந்து எழுதிப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அது என் அக்காவையே நடுத்தெருவில் நிறுத்திவிட்டால் வயிறு எரியாதா?

அன்றே அந்த வகுப்பை நீக்கினேன். மறுநாள் காலையில் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. மறுபடி நீக்கினேன், மறுபடி வந்தது. இணையதளத்தைக் கவனித்துக்கொள்ளும், நாங்கள் 'மேப்' மாமா என்று கூப்பிடும் பெரியவருக்குப் போன் போட்டேன்.

"குளத்து ஆபீஸ் லிஸ்ட்டைக் கம்ப்யூட்டர் தினமும் தானா எடுத்துக்கும்மா. நாம திருத்தினாலும் அதுதான் மேல ஏறும். அவங்கதான் மாத்தணும்."

"அவங்களைக் கேட்டா, 'உங்க தளம்தானே'ன்னு நம்ம தலையில கட்டுறாங்க."

"எல்லாரும் சேர்ந்து பண்றது. யாரைக் குத்தம் சொல்றது?"

"அப்ப நான் எந்தச் சுவத்துல போய் முட்டிக்கிறது, மாமா?"

அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த செவ்வாய் அக்கா தானாகவே கிளம்பி நின்றாள். "அங்கதான் ஒண்ணும் இல்லையேக்கா" என்றேன்.

"என்னை மாதிரி யாராவது வந்து நிப்பாங்கடி. பாவம், நம்மளாவது போய்ச் சொல்லலாம்."

வந்திருந்தார்கள். வாக்கரோடு ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், முழங்காலில் பட்டை கட்டிய பஸ் கண்டக்டர், மகளின் தோளைப் பிடித்தபடி ஒரு தையல்காரம்மா. எல்லார் போனிலும் என்னால் அழிக்க முடியாத அந்த வரி. சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையமர்த்திவிட்டு பெஞ்சில் நகர்ந்து அவர்களுக்கு இடம் விட்டாள்.

"வகுப்பே இல்லங்கறேன், இப்படிக் கூட்டம் போட்டா எப்படி?" என்றார் காவலாளி.

"டீச்சர் வேணாம் தம்பி. கதவைத் திறங்க, போதும். நர்சம்மா பாத்துப்பாங்க" என்றாள் அக்கா.

"ஆபீஸ்ல கேக்கணும்மா."

"கேளுங்க. நாங்க எங்க ஓடிடப் போறோம்?"

கண்டக்டர் தன் முழங்காலைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். காவலாளி ஆபீசுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அக்கா கைத்தடியின் நுனியால் செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரையில் ஊன்றி எழுந்து, கதவுக்கு நேராக நின்றாள்.