சலவைக்கடைப் பிரதி

எங்கள் அலுவலகத்தின் வாசலில் புள்ளிவிவரத் துறை என்று பலகை தொங்கும். உள்ளே நாங்கள் செய்வது உளவு. ஒரு தலைவர், ஐந்து அதிகாரிகள், டைப் அடிக்க நான். என் வீட்டுக்காரரைப் பொறுத்தவரை பதினாறு வருடமாக நான் மக்கள்தொகையை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வருடம் எதிர்த்தரப்பில் வேலை பார்த்த எங்கள் ஆட்கள் இரண்டு பேர் அடுத்தடுத்துப் பிடிபட்டார்கள். ஒருவருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. உள்ளே இருக்கும் யாரோதான் காட்டிக்கொடுக்கிறார்கள் என்று தலைவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஒரே அறிக்கை, அஞ்சு பிரதி. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நம்ம ஆள் ஒருத்தர் வர்றாருன்னு போடு. அப்படி யாரும் வரப்போறதில்ல. எங்க வர்றாருங்கறது மட்டும் ஒவ்வொண்ணுலயும் வேற வேற இடம். யாருக்கு எந்த இடம்னு என்கிட்ட லிஸ்ட் இருக்கும். எந்த இடத்துல வேண்டாத ஆளுங்க வந்து நிக்கறாங்களோ, அந்தப் பிரதியப் படிச்சவன்தான் துரோகி. இது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மூச்சு விடாத."

மருந்துக்கடை, பஸ் டிப்போ, பல் டாக்டர் வீடு, நூலகம், சலவைக்கடை. அடித்து முடித்தேன். தாளில் பெயர் எதுவும் இருக்காது; யாருக்கு எது என்று தலைவர் வாயால்தான் சொல்லியிருந்தார். எங்கள் வழக்கப்படி ரகசியத் தாளை நானே எடுத்துப்போய், அதிகாரி படித்து முடிக்கும்வரை எதிரில் நின்று, கையோடு வாங்கி வந்து அன்றே எரித்துவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை வராந்தாவில் துணைத்தலைவர் எதிரே வந்தார். ஐந்து அதிகாரிகளில் ஒருவர், தலைவரின் மகளைக் கட்டியவர். சிரித்த முகம், காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்ட அவசரம். "எனக்குத்தானே? குடுங்க, மீட்டிங் இருக்கு" என்று கோப்பின் மேலே இருந்த தாளை உருவி, நின்றபடியே படித்துவிட்டுக் கொடுத்தார். அது சலவைக்கடை. நாங்கள் வாத்தியார் என்று கூப்பிடும் இன்னோர் அதிகாரிக்குப் போக வேண்டியது.

இது உங்களுடையது இல்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் பிரதிக்குப் பிரதி வித்தியாசம் என்று தெரிந்துவிடும். சரி, இவருக்கு வைத்திருந்த நூலகத்தை வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டு, தலைவரிடம் சொல்லி லிஸ்டை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்று தலைவர் மேலிடத்துக்குப் போயிருந்தார். மறுநாள் சொல்லப் பயமாக இருந்தது. பதினாறு வருடம் எடுத்த நல்ல பெயர் ஒரே நிமிடத்தில் போய்விடும். தலைவர் வீட்டு மாப்பிள்ளை, அவரா காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மடச்சி.

வெள்ளிக்கிழமை ஐந்து இடங்களையும் தலைவர் வெளி ஆட்களை வைத்துக் கவனித்தார். நான்கில் வழக்கமான கூட்டம்தான். சலவைக்கடைக்கு மட்டும் இரண்டு பேர், கையில் ஒரு துணிகூட இல்லாமல் வந்து ஒரு மணி நேரம் நின்றார்களாம்.

"வாத்தியார்" என்றார் தலைவர், என்னிடம் மெதுவாக.

அறிக்கைகளைச் சிவப்புப் பென்சிலால் திருத்துவதால் அவர் வாத்தியார். என் டைப்பிங்கில் குறை சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அன்று மத்தியானமே அவரைக் கீழ்த்தளத்தில் ஓர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். காட்டிக்கொடுத்தவனுக்கு எங்கள் சட்டத்தில் ஒரே தண்டனைதான், அதற்கு மேல்முறையீடும் கிடையாது.

தினமும் ஒரு மணிக்கு அவர் மனைவி போன் செய்வார். சனிக்கிழமையும் மணி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"சாப்பிட்டாராம்மா?"

"மீட்டிங்ல இருக்காருக்கா. சாப்பிட்டாரு."

"நேத்து வீட்டுக்கே வரலியே. பிரஷர் மாத்திரை இங்கயே கிடக்கு. யார்கிட்டயாவது குடுத்து அனுப்பட்டுமா?"

"வேண்டாங்க்கா" என்று போனை வைத்துவிட்டேன்.

சொல்லிவிடலாம்தான். யாரிடம் சொல்வது? மாமனாரிடம் போய், துரோகி உங்கள் மாப்பிள்ளை என்பதா? என்னிடம் என்ன சாட்சி இருக்கிறது? பிரதிகளை என் கையாலேயே எரித்துவிட்டேன். திங்கட்கிழமை காலை படிக்கட்டில் துணைத்தலைவர் என்னோடு சேர்ந்து ஏறினார்.

"உங்க பொண்ணுக்கு ஸ்கூல் பஸ் எட்டு பத்துக்குத்தானே? தெருமுனையில தனியா நின்னுட்டிருந்தா. பாத்தேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சும்மா சொன்னாரோ, மிரட்டினாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரை முன்னால் போக விட்டு மிச்சப் படிகளை ஏறினேன்.

பத்து மணிக்கு விசாரணை. தலைவர், துணைத்தலைவர், வாத்தியார், மூலையில் டைப்ரைட்டரோடு நான். அங்கே பேசுவதெல்லாம் பேசப் பேசத் தாளில் ஏற வேண்டும். பிரதிகளில் பொறி வைத்திருந்ததைத் தலைவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, மாப்பிள்ளையிடம்கூட.

"அறிக்கையில எந்த இடம் போட்டிருந்துச்சு?" என்று தலைவர் கேட்டார்.

மூன்று நாளில் வாத்தியார் பத்து வயது கூடியவராகத் தெரிந்தார். "நூலகம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நூலகம்தான் ஐயா. பின்வாசல்னுகூட இருந்துச்சு."

துணைத்தலைவர் மேசையைத் தட்டினார். "என்ன வாத்தியாரே, யாருக்குக் காது குத்தறீங்க? சலவைக்கடைன்னு கொட்டை எழுத்துல இருந்துச்சே! நானும்தானே படிச்சேன்!"

எல்லாப் பிரதியும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு, வாத்தியாரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைவரின் லிஸ்டில் மாப்பிள்ளை பெயருக்கு நேரே இருந்தது நூலகம்; சலவைக்கடை என்று அவருக்குத் தெரிந்திருக்கவே கூடாது. தலைவர் லிஸ்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"கடைசி வரி வேண்டாம்" என்றார். "எடுத்துடு."

துணைத்தலைவர் தலைவரைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார். சிரிப்பைக் காணோம். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டால் நான் பத்திரமாக வீட்டுக்குப் போகலாம், என் மகளும் நாளைக்குப் பள்ளிக்கூடம் போகலாம். வாத்தியார் மட்டும் வீட்டுக்குப் போக மாட்டார்.

"அடிச்சாச்சுங்கய்யா. இன்னும் கொஞ்சம் சேத்து அடிக்கணும்" என்றேன். "செவ்வாய்க்கிழமை பிரதி மாறிப்போச்சு. சலவைக்கடைய வராந்தாவுல என் கையிலேருந்து எடுத்துப் படிச்சது இவர்தான். நூலகத்த வாத்தியாருக்குக் குடுத்தது நான். உங்ககிட்ட சொல்லாம மறைச்சதும் நான்தான்."

"பொய் சொல்றாங்க மாமா" என்றார் துணைத்தலைவர். அலுவலகத்தில் அவர் தலைவரை மாமா என்று கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன். "ஒரு டைப்பிஸ்ட் பேச்சக் கேட்டு... மாமா, என்னப் பாருங்க."

தலைவர் அவர் பக்கம் திரும்பவில்லை. போனைத் தன் பக்கம் இழுத்து எண்ணைச் சுழற்றினார். விரல் ஒருமுறை தவறியது. வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சுழற்றினார்.

"அம்மாடி, அப்பா பேசறேன். குழந்தைங்களக் கூட்டிக்கிட்டு இப்பவே நம்ம வீட்டுக்கு வந்துடு... இல்லம்மா, மாப்பிள்ள வரமாட்டாரு. எதுவும் கேக்காத. வீட்டப் பூட்டிட்டு வந்துடு."