பச்சை ரப்பர் பேண்டு

ஐம்பத்தேழு வயது மைமூன் தன் வாழ்நாளில் செய்த ஒரே திருட்டு, ஒரு ரப்பர் பேண்டைக் கழற்றியதுதான். இதெல்லாம் ஒரு குற்றமா என்று கேட்பவர்களுக்கு ராதாகிருஷ்ணனைத் தெரியாது.

ராதாகிருஷ்ணன் ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸில் ஞாயிறு தவறாமல் நடக்கப் போகும் ஐந்து பேருக்கு அவர்தான் தலைவர். யாரும் ஓட்டுப் போடவில்லை. அவரிடம் விசில் இருந்தது, அவ்வளவுதான். காலை ஏழு மணிக்கு மோனோரயில் ஸ்டேஷனுக்குக் கீழே கூடுவார்கள். லேக் கார்டன் வரைக்கும் நடப்பார்கள். அங்கே மரத்தடியில் உட்கார்ந்து ஒருவர் நாவலில் ஒரு அத்தியாயம் வாய்விட்டுப் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். அப்புறம் தோசை, நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ. நடந்து இளைத்ததையெல்லாம் நெய்த் தோசையில் சரிக்கட்டிவிட்டுத்தான் வீடு திரும்புவது.

புத்தகம் ஒன்றே ஒன்றுதான். அடுத்த வாரம் படிக்க வேண்டியவர் அதைத் துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், திறக்கக் கூடாது. படிக்காத பக்கங்களைச் சேர்த்து ராதாகிருஷ்ணன் ஒரு ரப்பர் பேண்டு மாட்டிவிடுவார். அதை எல்லார் முன்னாலும்தான் கழற்ற வேண்டும். "கதை எல்லாருக்கும் ஒண்ணா தெரியணும். ஒருத்தர் முந்திக்கிட்டா அது நடை இல்ல, ரேஸு" என்பார்.

இந்தச் சட்டம் வந்ததற்குக் காரணம் தம்புசாமி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். போன நாவலில் அவர் முன்கூட்டியே படித்துவிட்டு, யார் சாகப் போகிறார்கள் என்பதைத் தோசைக்கடையில் உளறிவிட்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. ஆனால் அவரோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவுமில்லை. மூன்றாவது வாரம் அவரே நின்றுகொண்டார்.

இந்த நாவலைக் கண்டுபிடித்தவள் மைமூன். கிள்ளானில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. அட்டையும் போய், பேரும் போய்க் கிடந்ததைப் பார்த்துப் பாவப்பட்டு எடுத்து வந்தாள். கதை பிடித்துக்கொண்டது. ரயில்வே கேட் காவல்காரரின் மகள் கனகவல்லி. அவளுடைய தம்பி பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் கோபித்துக்கொண்டு ரயிலேறிப் போனவன். அவளைப் பெண் கேட்டு, பதில் கிடைக்காமல் ஊரைவிட்டுப் போன டாக்டர் ஒருவரும் உண்டு. இரண்டு பேரில் யார் திரும்பி வரப் போகிறார் என்று எட்டு மாதமாகச் சண்டை. வேன் ஓட்டும் குருவும் பேங்கில் வேலை பார்க்கும் மாதவியும் டாக்டர் கட்சி. மைமூனும் அவளுக்குக் கீழ்மாடியில் இருக்கும் வீரம்மாவும் தம்பி கட்சி. ராதாகிருஷ்ணன் மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

கடைசி அத்தியாயத்தைக் கேரி தீவில் படிப்பது என்று ஏற்பாடு. அங்கே தோட்டத்தில் வீரம்மாவின் தங்கை இராஜம்மா இருக்கிறாள். நடை, நண்டுக் குழம்பு, கதை முடிவு, மூன்றும் ஒரே நாளில். படிக்கிற முறை வீரம்மாவுடையது. ஆனால் புதன்கிழமை அவள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு மேலே ஏறி வந்து துணிப்பையை மைமூன் கையில் திணித்தாள்.

"பல்லு வலி உயிர் போகுது லா. நீயே படிச்சிரு."

அன்றிலிருந்து பை சமையலறை மேசையில் இருந்தது. போகும்போதும் வரும்போதும் மைமூன் அதைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை, கணவர் கிஃபாயத்துல்லா ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்த நேரம், அவளுக்குப் புத்தி கெட்டது. தம்பியா டாக்டரா, ஒரே ஒரு வரி பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று பேண்டை இழுத்தாள். அது பட்டென்று அறுந்து ரைஸ் குக்கருக்குப் பின்னால் போய் விழுந்தது.

அதைவிடப் பெரிய இடி புத்தகத்துக்குள் இருந்தது. கடைசிப் பக்கம் இப்படி முடிந்தது: 'விடியற்காலையில் கதவு தட்டப்பட்டது. கனகவல்லி எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். வாசலில் நின்றது'. அதற்கப்புறம் கிழிந்த தாளின் ஓரம் விரல் அகலத்துக்கு இருந்தது. வேறொன்றும் இல்லை.

மைமூன் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். சொன்னால் பேண்டைக் கழற்றியது தெரிந்துவிடும், தம்புசாமிக்கு நடந்தது தனக்கும் நடக்கும். மகள் ஃபஹீமா கல்யாணமாகி ஜொகூருக்குப் போன வருடம் மைமூன் ஆறு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தவள். வீரம்மாதான் அவளை இந்தக் கூட்டத்துக்கு இழுத்து வந்தாள். இந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லையென்றால் மற்ற ஆறு நாளை எப்படி ஓட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒன்றும் தெரியாதவள் போல அங்கே போய்த் திறந்து, ஐயோ பக்கத்தைக் காணோமே என்று நடித்திருக்கலாம். அந்த யோசனையும் வந்தது. ஆனால் எட்டு மாதம் நடந்து வந்தவர்களிடம், வாசலில் யாருமே இல்லை, எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்று எப்படிச் சொல்வது? அவளால் முடியாது.

முதல் வேலையாகப் பச்சை ரப்பர் பேண்டு தேடிப் போனாள். அறுந்தது பச்சை. கடைகளில் சிவப்பும் மஞ்சளும் கொட்டிக் கிடந்தன, பச்சை மட்டும் இல்லை. கடைசியில் பாசாரில் கீரைக்காரி கீரைக்கட்டுக்குப் போட்டிருந்த பேண்டு பச்சையாக இருந்தது. ஒன்று அறுந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று மூன்று கட்டு வாங்கி வந்தாள்.

கிஃபாயத்துல்லா கீரையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "வீட்டுல ஆடு ஏதும் வளக்குறோமா?"

"ஒடம்புக்கு நல்லதுங்க" என்றாள் மைமூன்.

சனிக்கிழமை ஃபஹீமாவின் பழைய நோட்டுப் புத்தகத்தில் தாள் கிழித்து எழுத உட்கார்ந்தாள். தம்பியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள், மரக்கட்டை மாதிரி நின்றான். டாக்டரை நிறுத்தினாள், அவர் அதற்கும் மேல். மூன்றாவது தடவை பேனா தானாக ஓடியது. பத்துப் பன்னிரண்டு வரிதான். அதை அவள் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குருவின் வேன் பாலம் தாண்டித் தீவுக்குள் நுழைந்தபோது மணி எட்டு. ராதாகிருஷ்ணன் விசில் ஊதினார், நடை தொடங்கியது. இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்கள், நடுவே மண்சாலை. இரவு பெய்த மழையில் எல்லாம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. குலை ஏற்றிப் போன லோரிக்காரர் கை காட்டிவிட்டுப் போனார். மாதவி நூறு அடிக்கு ஒரு தடவை போனைப் பார்த்து எத்தனை எட்டு வைத்தோம் என்று அறிவித்தாள். அவள் கணக்கில் அனைவரும் ஏற்கெனவே பினாங்கு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்றான் குரு. மைமூன் சிரித்தாள். துணிப்பையை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டாள்.

இராஜம்மா வீட்டில், மைமூனுக்கு ஹலால் வேண்டுமே என்று கோழியை விட்டுவிட்டு நண்டும் மீனுமாகச் சமைத்திருந்தார்கள். குழம்பு வாசனை தெருமுனை வரைக்கும் வந்து கூப்பிட்டது. வீரம்மா நண்டுக் காலைக் கடைவாயில் வைத்து நொறுக்கென்று கடித்தாள். இது என்ன பல்வலியோ என்று மைமூனுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் இருக்கிற பயத்தில் அதை யோசிக்க எங்கே நேரம்.

சாப்பிட்டுவிட்டு ஆற்றங்கரையில் தென்னை நிழலில் பாய் விரித்தார்கள். ராதாகிருஷ்ணன் பேண்டைக் கழற்றி, அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். மைமூன் அவசரமாகப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

படித்தாள். கேட் மூடியது, ரயில் போனது, கனகவல்லி விளக்கைத் துடைத்தாள், விடியற்காலையில் கதவு தட்டப்பட்டது. தாழ்ப்பாளை நீக்கினாள். புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தாள் மைமூன். அதே மூச்சில் தொடர்ந்து படித்தாள்.

"வாசலில் நின்றது தம்பி இல்லை. டாக்டரும் இல்லை. கீழ்த்தெருப் பெண் ஒருத்தி, காலில் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள். 'எத்தனை நாள் இப்படிக் கதவையே பாத்துக்கிட்டு இருப்ப? வா, கொஞ்ச தூரம் நடந்துட்டு வருவோம்' என்றாள். கனகவல்லி தன் செருப்பைத் தேடினாள். பத்தொன்பது வருடமாக அது எங்கே கிடக்கிறது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் அவசரப்படுத்தாமல் வாசலிலேயே நின்றாள். பிறகு இருவரும் தண்டவாளத்தை ஒட்டி நடந்தார்கள். வெளிச்சம் வந்துவிட்டது."

வீரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. அதைப் பார்த்ததும் மைமூனால் தாங்க முடியவில்லை.

"அழாத வீரம்மா. இது புத்தகத்துல இல்ல, நான் எழுதினது. கடைசித் தாளு கிழிஞ்சிருக்கு. நான் வெள்ளிக்கிழமையே தொறந்து பாத்துட்டேன். எல்லாரும் மன்னிச்சிருங்க. அடுத்த வாரத்துலேர்ந்து வரவேணாம்னா வரல."

ராதாகிருஷ்ணன் மணிக்கட்டை உயர்த்தினார். "இது பச்சை. நான் மாட்டினது மஞ்சள்."

"என் கைக்கு வரும்போதே பச்சைதான் அண்ணே. அது அறுந்துபோச்சுன்னு நான் கீரைக்கட்டெல்லாம் வாங்கி..." மைமூன் பாதியில் நிறுத்தினாள். நாலு பேரும் வீரம்மாவைப் பார்த்தார்கள்.

வீரம்மா மூக்கை உறிஞ்சினாள். "திங்கக்கெழமையே பாத்துட்டேன். ரெண்டு நாளு ஒக்காந்து யோசிச்சேன், எனக்கு ஒரு வரி வரல. அதான் இவகிட்ட கொடுத்தேன். இவளுக்கு வரும்னு தெரியும்."

"நான் டிசம்பர்லயே பாத்துட்டேன்" என்றாள் மாதவி, போனைப் பார்த்தபடியே.

"நானும்தான். சிக்னல்ல நிக்கும்போது" என்றான் குரு.

எல்லாரும் தலைவர் பக்கம் திரும்பினார்கள். இப்போது திட்டு விழும் என்று எதிர்பார்த்தார்கள். அவர் விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மைமூன் இதை வாங்கிட்டு வந்த அன்னைக்கே பாத்தாச்சு. நான் எப்பவும் கடைசிப் பக்கத்தைத்தான் மொதல்ல பாப்பேன், சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். முடிவு இல்லாத கதைன்னு தெரிஞ்சா காலங்காத்தால யாரு எழுந்து வருவா? அதுக்குத்தான் ரப்பர் பேண்டு. தம்புசாமி மேல பழியைப் போட்டுட்டேன், அது மட்டும்தான் உறுத்துது."

"அப்ப அவருக்கு ஒரு போன் போடுங்க அண்ணே" என்றான் குரு. ராதாகிருஷ்ணன் மறுபேச்சுப் பேசாமல் போனை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் போனார். வெகுநேரம் அவர் தலையாட்டுவது மட்டும் தெரிந்தது. திரும்பி வந்து, "அடுத்த வாரம் வர்றாராம். தோசை என் செலவாம்" என்றார்.

மைமூனுக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து, எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் எல்லாருக்கும் இளநீர் ஊற்றினாள். இராஜம்மா ஊசியும் நூலும் கொண்டு வந்தாள். மைமூன் தன் தாளைக் கிழிந்த ஓரத்தோடு சேர்த்துத் தைத்தாள். இந்தத் தடவை புத்தகத்துக்கு யாரும் பேண்டு போடவில்லை.

திரும்பும் வழியில் வேனில் மற்றவர்கள் தூங்கிப்போனார்கள். வீரம்மா மட்டும் மைமூன் தோளில் இடித்தாள்.

"கதவு தட்டினவளுக்கு நீ பேரே வைக்கலையே. யாரு அவ?"

"பேரு எதுக்கு" என்றாள் மைமூன். "பல்லு வலின்னு பொய் சொல்றவ. போதாதா?"