குளிர்பெட்டியில் ஒரு தலைப்பு

நாற்பத்தெட்டு மணி நேரம். ஒரு நிமிடம்கூட அதிகம் கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தலைப்பு அறிவிக்கப்படும். ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் படம் சுவரில் தொங்க வேண்டும். ஓவிய வட்டத்துக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான். மாதம் ஒரு முறை, பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் வட்டம் கூடும். நாற்காலிகள் அவருடையவை என்பதால் தலைவரும் அவரே.

தலைப்பைத் தேர்ந்தெடுப்பவள், பக்கத்துத் தெரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் பெண். தலைப்பை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ரத்தக் குழாய்கள் இருக்கும் குளிர்பெட்டியில் வைத்துவிடுவாள். அங்கே யாரும் கை வைக்கமாட்டார்கள். அவள் அதிகம் பேசவும் மாட்டாள். "வாயில விரலை வெச்சாலும் கடிக்கத் தெரியாத பொண்ணு" என்று பல் டாக்டரே சான்றிதழ் கொடுத்திருந்தார். அவருக்குத் தெரியாததா?

முதல் மாதமே, புதன்கிழமை காலையில் அவர் வந்து சட்டைக் கையை மடித்தார்.

"கொழுப்பு பாக்கணும்மா."

ஊசி உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார். "தலைப்பு என்னம்மா? தலைவன்னு ஒரு மரியாதை வேண்டாமா?"

கையில் ஊசியோடு உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லிவிட்டாள்.

"உனக்கும் எனக்கும் மட்டும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அவர் போன அரை மணியில், வட்டத்தில் இருக்கும் தையல்கடை அக்கா வந்தாள். ஒரே அசதியாம், ரத்தம் குறைவோ என்று சந்தேகமாம். அதற்கும் பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர், சர்க்கரை பார்க்க. அவர்களுக்கும் சொன்னாள். அவர்களும் அதே சத்தியத்தை வாங்கிக்கொண்டார்கள். எட்டு மாதமாக, மாதம் ஒரு புதன்கிழமை, மூன்று பேரும் தவறாமல் ரத்தம் கொடுத்தார்கள். மூன்று பேருக்கும் ஒரு நோயும் இல்லை. ஒருவர் வந்துபோவது மற்றவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுவர் ஜொலித்தது. மாஸ்டரின் ஆயில் பெயிண்டை அவள் ஒரு முறை விரலால் தொட்டுப் பார்த்தாள். எவ்வளவு மெல்லியதாகப் பூசினாலும் அது காய நான்கு நாளாவது ஆகும். நன்றாகக் காய்ந்திருந்தது.

வட்டத்தில் கேட்காத ஒரே ஆள் அவளுடைய சித்தி. இத்தனைக்கும் இருவரும் ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை. சித்தி பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். வண்டி ஒரு நிமிடம் தாமதமாகக் கிளம்பினாலும் குறித்துவைப்பவள். ஒரு முறை பாவப்பட்டு இவள் வாயைத் திறந்தபோது, சித்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"சொல்லாதடீ. சட்டம்னா சட்டம்."

சனிக்கிழமை முழுவதும் சித்திக்கு டிப்போவில் வேலை. தூக்கம், சமையல் போக அவளுக்குக் கிடைப்பது ஒன்பது மணி நேரம். இந்த மாதத் தலைப்பு 'பயணம்'. ஞாயிறு மாலை சுவரில் தொங்கிய சித்தியின் பஸ்ஸுக்குச் சக்கரம் போட நேரம் இருந்திருக்கவில்லை.

"ரொம்ப நவீனமா இருக்கு" என்றாள் தையல்கடை அக்கா, உதட்டைக் கடித்துக்கொண்டு.

சித்தி எழுந்து நின்றாள். "ஒண்ணு சொல்லலாமா? வருஷத்துக்கான தலைப்பெல்லாம் முன்னாடியே எழுதிச் சுவர்ல ஒட்டிட்டா என்ன? வேலைக்குப் போறவங்களுக்கும் ஒரு வசதி."

அறை கொதித்தது.

"முன்னாடியே தெரிஞ்சா அதுல என்ன கிக் இருக்கு?" என்றார் மாஸ்டர். "ரோட்டுல மாடு குறுக்க வருது. நோட்டீஸ் குடுத்துட்டா வருது?"

"அவசரம்னு வந்து நிக்கறாங்க, நான் உடனே தைச்சுக் குடுக்கலையா?" என்றாள் அக்கா. இவளுடைய ரவிக்கை அக்காவிடம் ஆறு வாரமாகக் கிடந்தது.

பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். "கலைங்கறது திடீர்னு வரணும்மா, பல்வலி மாதிரி. முன்னாடியே சொல்லிட்டா அது வீட்டுப்பாடம். நாங்க மூணு பேரும் அதே நாப்பத்தெட்டு மணி நேரத்துல வரையலையா?"

"ஆமா, வரையறீங்க" என்றாள் சித்தி.

"உங்களை விட்டுட மாட்டோம். 'பார்வையாளர் உறுப்பினர்'னு ஒண்ணு வெச்சுக்கலாம். பின்னாடி நாற்காலி உங்களுக்குத்தான். சுவர்ல உங்க இடம் சும்மா கிடக்க வேண்டாம், பல் தேய்க்கற முறை விளக்கப் படம் ஒண்ணு வந்திருக்கு."

சித்தி சுவரிலிருந்து தன் படத்தை எடுத்து, மெதுவாகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டாள்.

"இவ்வளவு நாளும் நேரம் பத்தலைன்னு நெனச்சேன்" என்று இவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "எனக்குக் கைதான் வரலை. தூரிகையெல்லாம் பக்கத்து வீட்டுக் கொழந்தைக்குக் குடுத்துடுடீ."

"தீர்மானம் எழுதிக்கம்மா" என்றார் பல் டாக்டர், நோட்டை இவளிடம் நீட்டி. "'அனைவருக்கும் சம வாய்ப்பு என்ற நம் மரபு தொடரும்.'"

அவள் 'அனைவருக்கும்' வரை எழுதினாள். பேனா அதற்குமேல் நகரவில்லை. சொன்னால் சித்தியின் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால், சித்தி இனி எதையும் வரையமாட்டாள். ரப்பர் பேண்டைச் சுற்றிய அந்த விரல்களில் இன்னும் நீலச் சாயம் இருந்தது.

"ஒரு நிமிஷம்" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அது கேட்டது.

"புதன்கிழமை" என்று ஆரம்பித்தாள்.

பல் டாக்டர் மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். தையல்கடை அக்கா முந்தானையை இழுத்து முழங்கையை மூடினாள். மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உக்காரும்மா, டீ வருது" என்றார் பல் டாக்டர்.

அவள் உட்காரவில்லை. சித்தியை மட்டும் பார்த்துச் சொன்னாள்:

"எல்லாருக்கும் தலைப்பு புதன்கிழமையே தெரியும் சித்தி, உங்களைத் தவிர. எட்டு மாசமா நான்தான் சொல்லிட்டிருக்கேன்."