பாலம் தாண்டிய ஐஸ்

இக்கரைக்கு அக்கரை பச்சை என்று கேலியாகச் சொல்வார்கள். எங்கள் கால்வாய்க்கு அக்கரை நிஜமாகவே பச்சைதான். அங்கே கரண்ட் மலிவு. மின்சாரத்தைச் சந்தைக்குத் திறந்துவிட்டவர்கள் ஊரைக் கால்வாயோடு இரண்டு மண்டலமாகப் பிரித்து, மணிக்கு மணி தனித்தனி விலை வைத்துவிட்டார்கள். காற்றாலைகள் எல்லாம் அந்தப் பக்கம். அங்கிருந்து இங்கே வருவது ஒரே மின்தடம். அது நிரம்பிவிட்டால் அவ்வளவுதான், இங்கே விலை எகிறும். அண்டா நிறையச் சாப்பாடு, பரிமாற ஒரே கரண்டி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல், இந்தப் பக்கம் ஐஸ் ஃபேக்டரி வைத்துக்கொண்டு நான் விழித்தேன்.

அக்கரையில் இருப்பவர் என் மகளின் மாமியார். பட்டாணியை உறைய வைத்துச் சேமிக்கும் கிடங்கு நடத்துகிறார். கல்யாணத்தில் முன்வரிசை நாற்காலி யாருக்கு என்று தொடங்கிய உரசல் எங்களுக்குள் ஓயவே இல்லை. பார்க்கும்போதெல்லாம், "இன்னிக்கு உங்க பக்கம் விலை எகிறிடுச்சு போலிருக்கே, சம்பந்தி?" என்பார். குத்திக்காட்டுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உங்களுக்கென்ன, காத்தே சம்பளம் வாங்காம வேலை செய்யுது" என்பேன்.

விலை ஏறினால் மெஷினை நிறுத்துவேன், இறங்கினால் போடுவேன். கண் ஃபோனிலேயே இருந்ததில் ஐஸுக்காக டின்னில் ஊற்றிய தண்ணீர் உறைந்ததா என்று பார்க்க மறந்துவிட்டேன். ஒரு காலையில், எனக்கு மிச்சமிருந்த ஒரே பெரிய வாடிக்கைக்காரரான மீன் வியாபாரி, முதல் நாள் வாங்கிய ஐஸ் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் போட்டு உடைத்தார். நடுவிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"வெளிய கல்லு, உள்ள தண்ணி. அரை வண்டி மீன் போச்சுக்கா. இந்த வாரத்துக்குள்ள சரியாகலேன்னா நான் வேற இடம் பாத்துக்கறேன்."

அவர் மேல் தப்பே இல்லை. ஐஸ் இறுக வேண்டுமானால் மெஷின் நிற்காமல் ஓட வேண்டும். அந்த விலைக்கு நிற்காமல் ஓட்டினால் நான் கடையைக் கட்ட வேண்டியதுதான். எப்படியும் கட்டப்போகிறோம், இப்போதே கட்டிவிடலாம் என்று முடிவு செய்து, மகளிடம் சொல்லப் பாலத்தைத் தாண்டிப் போனேன்.

மகள் வேலைக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்தவர் சம்பந்தியம்மா. யார் முன்னால் அழவே கூடாது என்று இருந்தேனோ, அவர் முன்னாலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டி அழுதேன்.

தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் ஆரம்பித்தார்.

"கரண்ட்டாலதானே பாலம் தாண்ட முடியல? ஐஸ் தாண்டுமில்ல? டின்னையெல்லாம் இங்க கொண்டு வாங்க, எங்க கிடங்குல உறையட்டும். கரண்ட் காசு மட்டும் குடுங்க. அதை விடமாட்டேன்."

"உங்க பட்டாணி?"

"ஒரு ரூம் காலி பண்ணி வெச்சிருக்கேன். போன மாசமே. நீங்களா கேப்பீங்கன்னு பாத்தேன். நானா சொன்னா, பெரிய மனுஷி தோரணை காட்டறான்னு நெனச்சுப்பீங்க."

நினைத்திருப்பேன், சத்தியமாக.

"போன மாசமே உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஃபோனை நீட்டினார். விலை காட்டும் திரையில் இரண்டு வரி. மேலே என் மண்டலம், அதற்குக் கீழேதான் அவருடையது.

"காலைல எழுந்ததும் உங்க பக்கத்தைப் பாத்துட்டுத்தான் எங்க பக்கத்தைப் பாப்பேன். நம்ம பொண்ணோட அம்மா நீங்க."

இத்தனை நாள் குத்தலாக என் காதில் விழுந்தது அவருடைய கவலை. அன்றைக்கே டின்கள் லாரி ஏறின. அந்த வாரம் முடிவதற்குள், மீன் வியாபாரி கொக்கியால் ஓங்கி அடித்தும் கட்டி அசரவில்லை.

"எங்க செஞ்சீங்கக்கா?"

"என் சம்பந்தி வீட்ல" என்றேன், நாலு பேர் காதில் விழும்படி.

நேற்று காற்று அடங்கிவிட்டது. அக்கரையில் விலை எங்கள் பக்கத்தையும் தாண்டிக் கிடுகிடுவென்று ஏறியது. உடனே அவரைக் கூப்பிட்டேன்.

"சம்பந்தி, உங்க மெஷினுக்கு ஓய்வு குடுங்க. டின்னையெல்லாம் இன்னிக்கு நானே இங்க உறைய வெச்சுக்கறேன்."

"நானே இன்னும் பாக்கலையே! உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"என் ஃபோன்ல இப்போ முன்வரிசை நாற்காலி உங்களுக்குத்தான்."